ஜப்பானிய குடும்ப அனிமேஷன் படங்களில் ‘வேறு மாதிரி’ மனிதர்கள்: எதை வைத்து எடைபோடுவது?

கூடல்நகர்:

பள்ளித் திரைப்பட மன்றத்தில் காட்ட ஆறு ஜப்பானிய அனிமேஷன் படங்கள் தேவை. பார்க்கப்போவது 9 முதல் 14 வயதுப் பிள்ளைகள். உடலாலோ பிறப்பாலோ குடும்ப அமைப்பாலோ ஒதுக்கப்படுகிறவர்கள் என்பதுதான் தலைப்பு. இணையத்தில் தேடினால் ஒரே பட்டியல் சுற்றிச் சுற்றி வருகிறது. அதிலும் பாதி ‘தைரியமான சிறுமி நாயகி’ என்பதோடு நின்றுவிடுகிறது. அப்படியொரு பாத்திரம் இருந்தால் மட்டும் போதாது, ஒழுங்காகக் காட்டியிருக்க வேண்டும். படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் எங்கே கண் வைப்பது?

சட்டகம்24:

முதலில் கைகளில் கண் வையுங்கள்.

‘எ சைலன்ட் வாய்ஸ்’ (2016, கியோட்டோ அனிமேஷன், இயக்கம் நவோகோ யமாடா, 130 நிமிடம்) படத்தை எடுத்துக்கொள்வோம். நாயகி ஷோகோ நிஷிமியா காது கேளாதவள். சைகை மொழியை வரைவது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் இந்தப் படத்தை எடைபோட வழி கிடைக்கும். கையின் வடிவம், அது நிற்கும் இடம், நகரும் விதம், உள்ளங்கை பார்க்கும் திசை, இந்த நான்கும் சேர்ந்தால்தான் ஒரு சைகைக்குப் பொருள். ஒன்று பிசகினால் வேறு சொல்லாகிவிடும், இல்லையென்றால் சொல்லே இல்லாமல் போகும். புருவமும் வாயும் தலையசைப்பும் இலக்கண வேலை பார்க்கின்றன. கேட்பது கேள்வியா, சொல்வது மறுப்பா என்பதை முகம்தான் காட்டிக்கொடுக்கும்.

இனி கணக்குக்கு வருவோம். திரையில் நொடிக்கு 24 சட்டகம் ஓடினாலும் 24 படம் வரைவது அபூர்வம். ஒரு படத்தை இரண்டு சட்டகத்துக்கு நிறுத்தினால் நொடிக்கு 12 படம், மூன்று சட்டகத்துக்கு நிறுத்தினால் 8. நடப்பதற்கும் பேசுவதற்கும் எட்டு தாராளம். அரை நொடியில் முடிகிற ஒரு சைகைக்கோ அதில் நான்கே படம்தான் கிடைக்கும். அந்த நான்கில் பத்து விரல்களின் மடிப்பும் மணிக்கட்டின் திருப்பமும் வந்தாக வேண்டும். இடைப்படம் போடுகிறவருக்குச் சைகை தெரியாது என்றால், இரண்டு முதன்மைப் படங்களுக்கு நடுவே கோட்டை அப்படியே பாதியாக்கிவிடுவார். விரல்கள் மடங்கும் வரிசை தப்பிக் கை குழைந்துபோகும். சைகை தெரிந்தவர் செய்துகாட்டும் காணொளியை வைத்துக்கொண்டு முதன்மைப் படங்களை நெருக்கமாகப் போடுவது ஒன்றுதான் இதற்கு வழி. நேரமும் காசும் அங்கேதான் போகும்.

இன்னொரு சிக்கனம், வரைந்ததை இடவலமாகப் புரட்டி மறுபடி பயன்படுத்துவது. மற்ற காட்சிகளில் யாருக்கும் தெரியாது. சைகைக் காட்சியில் செய்தால் வலக்கைக்காரி திடீரென்று இடக்கைக்காரி ஆகிவிடுவாள். அங்கில்லாத மூன்றாம் ஆளைப் பற்றிப் பேசும்போது சைகையில் அவருக்கென்று ஒரு பக்கத்தைச் சுட்டி ‘வைப்பார்கள்’, இடப்பக்கம் வைத்த அந்த ஆள் வலப்பக்கம் போய்விடுவாள். சைகை தெரிந்த பார்வையாளர் அங்கேயே படத்தை விட்டுவிடுவார்.

கேமராவும் முக்கியம். உரையாடல் என்றாலே தோளுக்கு மேல் முகத்தை வைத்துச் சட்டகம் போடும் பழக்கம் அனிமேஷனில் வேரூன்றியது, உதட்டசைவு மட்டும் வரைந்தால் போதுமே. சைகைக்காரருக்கு இடுப்பிலிருந்து தலைக்கு மேல் ஒரு சாண் வரை, இரு பக்கமும் முழங்கை அகலம் வேண்டும். யமாடா கால்களைக் காட்டியே மனநிலையைச் சொல்கிற இயக்குநர். அப்படிப்பட்டவர் ஷோகோ பேசும் முக்கியமான இடங்களில் பின்வாங்கிக் கைகளுக்கு இடம் விட்டிருக்கிறார். சிறுவயதில் பள்ளியில் அவளைத் துன்புறுத்திய ஷோயா, வளர்ந்தபின் அவள் சொன்னதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்வது பார்வையாளருக்கு மொழிபெயர்ப்பாகவும் ஆகிறது.

ஒரு யோசனை: சைகைக் காட்சி ஒன்றை வசன வரியை அணைத்துவிட்டு முதலில் காட்டுங்கள், பிறகு வரியோடு. வரி ஓடினால் பிள்ளைகளின் கண் கீழேதான் இருக்கும், கையைப் பார்க்க மாட்டார்கள்.

நெய்தல்நிலா:

கை சரியாக இருந்தும் கதை சறுக்கலாம். அந்தப் படத்தின் பெரிய குறை, அது துன்புறுத்தியவனின் மனக்கணக்கில் ஓடுவது. ஷோயாவுக்கு எதிரே வருகிறவர்களின் முகத்தில் பெருக்கல் குறி ஒட்டியிருக்கிறது. நாம் உலகைப் பார்ப்பது அவன் கண்ணால். ஷோகோ கோபப்படும் இடங்கள் விரல்விட்டு எண்ணலாம், மற்ற நேரமெல்லாம் சிரித்து மன்னிப்புக் கேட்கிறாள். அந்தச் சிரிப்பு அவள் கற்றுக்கொண்ட தற்காப்பு என்று படம் கோடிகாட்டுகிறது. ஆனாலும் பிள்ளைகளிடம் எடுத்துச் சொல்லாவிட்டால் ‘பொறுத்துப்போகிற நல்ல பெண்’ என்றுதான் மனதில் பதியும்.

அதே சமயம் வகுப்பறைக் காட்சிகள் அபாரம். தினமும் காலையில் மூன்று நிமிடம் எல்லோரும் சைகை கற்கலாம் என்று ஓர் ஆசிரியை முன்மொழிகிறார். ஒரு மாணவி, எழுதிக் காட்டுவதே எளிது என்று மறுக்கிறாள். சஹாரா மட்டும் முன்வருகிறாள், அதற்காகவே அவளையும் கேலி செய்கிறார்கள். வகுப்பாசிரியர் கண்டும் காணாமல் இருக்கிறார். ஒரு பள்ளி எப்படித் தோற்கிறது என்பது இந்த ஐந்து நிமிடத்தில் முழுதாக இருக்கிறது. கேட்புக் கருவிகள் பலமுறை பிடுங்கி எறியப்படுகின்றன, கடைசியில் அதன் விலை மட்டும் 17 லட்சம் யென். வளர்ந்த ஷோயா வேலை செய்து சேர்த்து அம்மாவிடம் திருப்பித் தருவது அந்தத் தொகையைத்தான். பரிதாபம் பேசுவதைவிட இந்தக் கணக்கு பிள்ளைகளுக்குச் சட்டென்று உறைக்கும்.

ஒலியையும் கவனியுங்கள். இசையமைப்பாளர் கென்சுகே உஷியோ பியானோவுக்குள் மைக் வைத்துச் சுத்தியலும் மிதியும் அசையும் ஓசையோடு பதிவு செய்தார். இசை அடைத்த காதில் விழுவதுபோல் வரும்.

குரல் விஷயத்தில் ஜப்பானிய மூலத்தில் ஷோகோவாகப் பேசியவர் காது கேட்கும் நடிகை சவோரி ஹயாமி. ஆங்கில மொழிமாற்றத்தில் பேசியவர் லெக்ஸி கௌடன், காது கேளாதவர். மூலத்தைத்தான் பார்க்கவேண்டும் என்று அடம்பிடிக்கிற ரசிகர்கள்கூட இந்த ஒரு படத்துக்கு ஆங்கிலத் தடத்தைக் கொஞ்சம் கேட்டுப் பார்க்கலாம்.

எச்சரிக்கை: படம் தற்கொலை எண்ணத்தோடு தொடங்குகிறது, நடுவில் ஒரு முயற்சியும் உண்டு. 13 வயதுக்குக் கீழே வேண்டாம். மேலே என்றாலும் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போடுங்கள்.

கூடல்நகர்:

சின்னப் பிள்ளைகளுக்கு என்றால் ‘போன்யோ’ போடலாமா? அதில் முதியோர் பராமரிப்பு இல்லம் வருகிறதே.

நெய்தல்நிலா:

போடலாம், ஆனால் அதன் முடிவில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2008இல் வந்த படம். பாலர் பள்ளியும் முதியோர் இல்லமும் பக்கத்துப் பக்கத்தில். சோசுகே பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் சக்கர நாற்காலிப் பாட்டிகளிடம் நின்று பேசிவிட்டுப் போகிறான். யாரும் அதை ஒரு சேவையாகப் பேசுவதில்லை, அன்றாடமாக இருக்கிறது. பெற்றோரை அவன் லிசா, கோயிச்சி என்று பெயர் சொல்லித்தான் கூப்பிடுவான். குடும்பம் என்றால் இப்படித்தான் என்ற சட்டத்தைப் படம் சத்தமில்லாமல் தளர்த்திவிடுகிறது.

கடைசியில் கடலுக்கடியில் அந்தப் பாட்டிகள் நாற்காலியை விட்டு எழுந்து ஓடி விளையாடுகிறார்கள். மகிழ்ச்சி என்றால் நாற்காலி போய்விட வேண்டும் என்ற பழைய கதைவழக்கம் இது. முதுமையின் ஆசையைச் சொல்வதாக எடுத்துக்கொள்வோரும் உண்டு. நாற்காலியில் வாழும் ஒரு பிள்ளை அரங்கில் இருந்தால் அது என்ன நினைக்கும் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டு முடிவெடுங்கள்.

9 வயதுக்கு என் முதல் தேர்வு ‘டோட்டோ-சான்’ (2023, ஷின்-எய் அனிமேஷன், இயக்கம் ஷின்னோசுகே யகுவா). தெத்சுகோ குரோயநாகியின் நூலைத் தமிழில் படித்தவர்கள் ஏராளம், நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. யசுவாகி இளம்பிள்ளை வாதத்தால் கையும் காலும் பாதிக்கப்பட்ட பையன். அவனை மரத்தில் ஏற்றுகிற இடத்தைக் கவனியுங்கள். சாதாரண ஏணி போதவில்லை, டோட்டோ மடக்கு ஏணியை இழுத்து வருகிறாள். கீழிருந்து தள்ளுகிறாள், அவன் உச்சிக்கு வந்தும் அங்கிருந்து கிளைக்குத் தாண்ட முடியவில்லை. இவள் மரக்கவட்டில் படுத்துக் கைபிடித்து இழுக்கிறாள். ஒவ்வொரு தடையும் தனித்தனியாகத் தெரிகிறது. எந்தத் தசை வேலை செய்கிறது, எது செய்யவில்லை என்று வரைந்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. உணர்ச்சி இசையைப் போட்டு இரண்டு வெட்டில் அவனை மரத்தில் உட்காரவைத்திருந்தால் காட்சி செத்திருக்கும்.

நூலில் இன்னொரு இடம் உண்டு. உயரம் வளராத தகஹாஷியிடம் ஓர் ஆசிரியை விளையாட்டாக ‘உனக்கு வால் இருக்கிறதா?’ என்று கேட்டுவிடுகிறார். தலைமையாசிரியர் கோபயாஷி அவரைப் பிள்ளைகள் முன்னால் கண்டிக்காமல் சமையலறையில் தனியே வைத்துக் கண்டிப்பார். கெட்ட எண்ணம் இல்லாத பேச்சும் காயப்படுத்தும் என்பதை ஆசிரியர்களோடு பேச இதைவிட நல்ல பகுதி கிடைக்காது.

சட்டகம்24:

சக்கர நாற்காலி பற்றிய தொழில்நுட்பம் கொஞ்சம். ‘ஜோசே, தி டைகர் அண்ட் தி ஃபிஷ்’ (2020, போன்ஸ், இயக்கம் கொதாரோ தமுரா) பார்க்கும்போது உதவும்.

கையால் தள்ளும் நாற்காலியின் பின்சக்கரம் பெரும்பாலும் 24 அங்குலம். ஒரு சுற்றுக்குத் தரையில் சுமார் 1.9 மீட்டர் நகரும். நடை வேகம் மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 1.1 மீட்டர். அதாவது ஒரு முழுச் சுற்றுக்கு 1.7 நொடி, ஏறக்குறைய 41 சட்டகம். கவனமில்லாத படங்களில் பின்னணி ஒரு வேகத்தில் நகரும், சக்கரத்தின் கம்பிகள் வேறு வேகத்தில் சுழலும், நாற்காலி வழுக்கிக்கொண்டு போவதாகத் தோன்றும். கை விளிம்பைப் பிடிப்பது உச்சிக்குச் சற்றுப் பின்னால், விடுவது முன்னால். தள்ளிவிட்டுக் கை மேலே திரும்பும் நேரத்தில் நாற்காலி தானாக உருளும். அந்த ‘தள்ளு, விடு’ தாளம் இல்லாமல் கை சக்கரத்தோடு ஒட்டியே சுற்றினால் வரைந்தவர் நாற்காலியைப் பார்த்ததே இல்லை என்று அர்த்தம்.

சாய்தளத்துக்கும் அளவு உண்டு. ஜப்பானியத் தரம் 1:12, அதாவது 10 சென்டிமீட்டர் ஏற 120 சென்டிமீட்டர் நீளம். ஜோசே அறிமுகமாவதே ஒசாகாவின் சரிவு ஒன்றில், நாற்காலி கைமீறி உருண்டு வரும்போது. அந்தத் தெரு எவ்வளவு செங்குத்து என்பதே கதை. வீட்டில் அவளைப் பாட்டி அடைத்துவைத்திருக்கிறாள், வெளியே போனால் ரயில் நிலையம், கூட்டம், படிக்கட்டு. தடை அவள் காலில் இருப்பதைவிட ஊரின் அமைப்பில் அதிகம். காதல் கதை என்பதால் 14ஐ ஒட்டியவர்களுக்குத்தான் பிடிக்கும்.

குறுந்தாடி:

எல்லோரும் உடலைப் பற்றியே பேசுகிறீர்கள். ஜப்பான் ஒரே இனம் வாழும் நாடு என்ற கட்டுக்கதையை இந்தப் படங்கள் என்ன செய்தன என்று கேளுங்கள்.

1968இல் தோயெய் எடுத்த ‘ஹோருஸ்’ இசாவோ தகஹாதாவின் முதல் திரைப்படம், பின்னாளில் ‘போன்யோ’வும் ‘பிரின்சஸ் மோனோனோகே’யும் இயக்கிய மியாசாகியும் அதில் வேலை செய்தார். அதன் மூலம் கசுவோ ஃபுகசாவாவின் பொம்மலாட்ட நாடகம். நாடகத்தின் மூலம் ஐனு மக்களின் வாய்மொழிக் காவியம். ஐனுக்கள் வடக்கே ஹொக்கைடோவின் பூர்வகுடிகள். படமாக்கும்போது களத்தை வட ஐரோப்பாவுக்கு மாற்றிவிட்டார்கள். காவியத்தின் எலும்புக்கூடு இருக்கிறது, அதன் சொந்தக்காரர்கள் இல்லை. ஜப்பான் நாடாளுமன்றம் ஐனுக்களைப் பூர்வகுடிகள் என்று தீர்மானம் போட்டு ஏற்றது 2008இல், சட்டத்தில் எழுதியது 2019இல். 1968இல் ஒரு நிறுவனம் என்ன துணிந்திருக்கும் என்பதை இந்த ஆண்டுகளோடு வைத்துப் பார்க்கலாம்.

‘பிரின்சஸ் மோனோனோகே’ (1997) வேறு வழி பிடித்தது. நாயகன் அஷிதாக்கா எமிஷி இனத்தவன். பழைய ஜப்பானின் யமாதோ அரசிடம் போரில் தோற்று இங்கே ஒளிந்து 500 ஆண்டுக்கு மேலாயிற்று என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்கிறார். பொது ரசிகர்களுக்கான பெரிய படத்தின் நாயகன் தோற்கடிக்கப்பட்ட இனத்தின் கடைசி இளவரசன். இதைப் பெரும்பாலான விமர்சனங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகின்றன. எல்லோருக்கும் காட்டுத் தெய்வம்தான் கண்ணில் படுகிறது.

படத்தில் வரும் இரும்பு உருக்கும் ஊரான இரும்பூரையும் பாருங்கள். அதன் தலைவி எபோஷி விலைமாதர் விடுதிகளிலிருந்து பெண்களை மீட்டு வந்து உலையில் துருத்தி மிதிக்க வைத்திருக்கிறாள், நான்கு பகல் ஐந்து இரவு விடாமல். பழைய ஜப்பானில் இரும்பு உலையின் காவல் தெய்வத்துக்குப் பெண்கள் ஆகாது என்று அவர்களை உலைப்பக்கமே விட மாட்டார்கள். மியாசாகி அதைத் தெரிந்தேதான் தலைகீழாக்கினார்.

துணி சுற்றிய உடலோடு துப்பாக்கி செய்கிறவர்கள் தொழுநோயாளிகள். மியாசாகியின் வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லாத ஹிகாஷிமுராயாமாவில் தமா சென்ஷோ-என் என்ற தொழுநோய் இல்லம் இருக்கிறது. இந்தப் படத்துக்கான யோசனையில் இருந்த காலத்தில் அங்கே போனதை 2016இல் பொதுமேடையில் சொன்னார். நோயாளிகளைக் கட்டாயமாக அடைத்துவைத்த சட்டம் நீக்கப்பட்டது 1996இல், அதற்கு அடுத்த ஆண்டு படம் வந்தது. அரசு இழப்பீடு தர வேண்டும் என்று குமமோதோ நீதிமன்றம் சொன்னது 2001இல்தான். படுக்கையில் கிடக்கும் முதிய நோயாளி எபோஷியைக் கொல்ல வேண்டாம் என்று கெஞ்சும்போது, அழுகிய சதையைக் கழுவித் துணி சுற்றிவிட்டவள் இவள் ஒருத்திதான் என்கிறார். காட்டை அழிக்கிறவளே இவர்களை மனிதராக நடத்தியவள். நல்லவர் கெட்டவர் என்று பிரிக்க முடியாத இந்த முடிச்சுக்காகவே படத்தைக் காட்டலாம். ஆனால் கையும் தலையும் அறுந்து விழும், 13க்கு மேல்தான்.

வன்னிப்பூ:

ஓம் குறுந்தாடி, அது சரி. ஆனால் நேரடியாகச் சொல்லாமல் உருவகமாகச் சொல்லுற படங்களையும் சேர்க்கவேணும். ‘உல்ஃப் சில்ட்ரன்’ (2012, மமொரு ஹொசோதா) பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லை.

தகப்பன் ஓநாய் மனிதன், தாய் சாதாரண மனுசி. பிள்ளையள் ரெண்டும் கலப்பு. மூத்தவள் யுகி ஈரமுறிஞ்சிப் பொட்டலத்தை விழுங்கிப்போட்டாள். தாய் ஹனா ஓடிப்போய் நிக்கிற இடத்தில ஒருபக்கம் குழந்தை வைத்தியசாலை, மற்றப்பக்கம் மிருக வைத்தியசாலை. எதுக்குள்ள போறது எண்டு தெரியாமல் தெருவில நிண்டு போன் எடுக்கிறாள். எந்தப் படிவத்திலயும் அடங்காத பிள்ளையோட வாழுற தாய்க்கு அரச அலுவலகம் எப்பிடித் தெரியும் எண்டதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட ஏலாது. பிறகு, தடுப்பூசி போட்டதா, பரிசோதனைக்கு ஏன் கொண்டுவரேல்லை எண்டு அதிகாரிகள் வந்து கதவைத் தட்டுவினம். அவையள் கெட்ட ஆக்கள் இல்லை, தங்கட வேலையைத்தான் செய்யினம். அதாலதான் பயமாயிருக்கு.

பள்ளிக்கூடத்தில புதுசாய் வந்த பெடியன், உன்னில மிருக வாசம் அடிக்குது, நாய் வளர்க்கிறியோ எண்டு கேக்கிறான். யுகி கையைக் கழுவுறாள், ஒதுங்குறாள், கடைசியில நகம் வெளிய வந்து அவன்ர காதைக் கிழிச்சுப்போடும். வாசம் எண்டு தொடங்குற ஒதுக்கல் எங்கட ஆக்களுக்குச் சொல்லித்தர வேண்டிய விசயமில்லை.

குறையும் சொல்லவேணும். மகள் மனுசியாகவும் மகன் ஓநாயாகவும் ஒண்டைத் தெரிவு செய்தே ஆகவேணும் எண்ட மாதிரிக் கதை முடியுது. ரெண்டுமாக இருக்கிற வழியைப் படம் மூடிப்போட்டுது. கலப்புப் பின்னணிப் பிள்ளையளோட பார்க்கேக்க இதை ஒரு கேள்வியாகப் போடுங்கோ. 10 வயசுக்கு மேல தாராளமாகப் பார்க்கலாம்.

பாலெட்கத்தி:

தோல் நிறம் பற்றி யாராவது எழுதுவீர்கள் என்று பார்த்தேன்.

ஜப்பானிய அனிமேஷனில் ஒரு பாத்திரத்துக்கு நிற அட்டை போடுவார்கள்: தோலின் இயல்பு நிறம், நிழல் நிறம், தேவைப்பட்டால் ஒளிபடும் நிறம், கன்னச் சிவப்பு. பிறகு இரவுக்கும் மாலைக்கும் விளக்கு வெளிச்சத்துக்கும் தனித்தனி அட்டை. வெளிர் தோலுக்குப் பல ஆண்டுகளாகக் கைவந்த சூத்திரம் இருக்கிறது. கருந்தோல் வரும்போது அதே சூத்திரத்தில் வெறும் கறுப்பைக் கலந்து நிழல் போட்டால் முகம் சாம்பல் பூத்துவிடும். நிழலில் சிவப்போ ஊதாவோ ஏற்ற வேண்டும். உள்ளங்கைக்கும் உதட்டுக்கும் தனி நிறம் வேண்டும். இன்னொரு தொல்லை கோடு. மூக்கும் இமையும் மெல்லிய கறுப்புக் கோட்டில்தான் நிற்கின்றன, கருந்தோலில் அந்தக் கோடு மறைந்துபோகும். அதனால் கோட்டையே நிறத்தில் இழுக்க வேண்டும், அது கூடுதல் வேலை. இரவுக் காட்சியை நிறுத்திப் பாருங்கள், முகபாவம் தெரிகிறதா என்று. தெரியவில்லை என்றால் அந்தப் பாத்திரத்துக்கு இரவு அட்டை ஒழுங்காகப் போடவில்லை.

மரபுச் சாயலும் நிறத்தில் வரும். ‘டோட்டோ-சான்’ படத்தில் பையன்களுக்கும்கூட உதடும் கன்னமும் சிவந்திருக்கும். அந்தக் காலக் குழந்தை ஓவியங்களின் வழக்கத்தைப் பிடித்து வேண்டுமென்றே செய்தது. பலருக்கு முதலில் உறுத்தும்.

நம் பக்கத்துக்கு நேரடித் தொடர்புள்ள படம் ஒன்று: ‘ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா’, யூகோ சாகோ, ராம் மோகன், கோயிச்சி சசாகி மூவரும் இயக்கியது. 1993இல் இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. 2025 ஜனவரியில் தமிழ்க் குரலோடும் திரையரங்குக்கு வந்தது. அந்நியர்கள் ராமாயணத்தைப் படமாக்கலாமா என்று இங்கே எதிர்ப்பு எழுந்தது, அரசு ஒதுங்கிக்கொண்டது, பெரும்பகுதி வேலை ஜப்பானில் நடந்தது. அங்குள்ள ஓவியர்களுக்கு வேட்டி எப்படிச் சுற்றுகிறது, உட்காரும்போது மடிப்பு எங்கே விழும், கும்பிடும் கை எந்த உயரத்தில் நிற்கும் என்பதெல்லாம் இந்தியக் குழு காட்டிக்கொடுக்க வேண்டியிருந்தது. கிமோனோவின் மடிப்பு தைத்த துணியின் மடிப்பு, வேட்டியின் மடிப்பு தைக்காத துணியுடையது. வரையும் கைக்கு அது வேறு பாடம். ஒருவர் இன்னொருவரின் பண்பாட்டை வரைய ஆலோசகர் எவ்வளவு தூரம் உதவுவார் என்பதற்கு நல்ல பாடப்படம்.

கூடல்நகர்:

ஷின்-சான் படங்களைப் பிள்ளைகள் கேட்கிறார்கள். இந்தியாவில் நடக்கும் கதை ஒன்று 2025இல் வந்ததே.

குறுந்தாடி:

வந்தது, ஷின்-சானின் ஊரான கசுகாபேயின் பிள்ளைகள் நடனமாட இந்தியா வருகிற கதை. கொண்டாட்டமான படம். இந்தியா அங்கே பாட்டும் ஆட்டமும் காரமும்தான். பிள்ளைகளிடமே கேட்கலாம், நம்மை எதில் சரியாகப் பிடித்திருக்கிறார்கள், எதில் சுற்றுலா அட்டையாக்கிவிட்டார்கள் என்று. அவர்களே பட்டியல் போட்டுவிடுவார்கள்.

பழைய ஷின்-சான் படங்களில் கவனம் தேவை. 1993இன் முதல் படத்திலும் 1996இன் ஹெண்டர்லேண்ட் படத்திலும் வில்லன்கள் ‘பெண்மை கலந்த ஆண்’ என்ற கேலி வார்ப்பில் வந்தவர்கள். நடையும் குரலும் சிரிப்புக்கு, கூடவே பயமுறுத்தலுக்கு. தமிழ்ப் படங்கள் பல ஆண்டுகள் செய்த அதே அநியாயம்தான்.

மாற்றாகச் சொன்னால் சதோஷி கோனின் ‘டோக்கியோ காட்ஃபாதர்ஸ்’ (2003). வீடற்ற மூவர் கிறிஸ்துமஸ் இரவில் குப்பையில் ஒரு குழந்தையைக் கண்டெடுக்கிறார்கள். மூவரில் ஒருவர் ஹனா, திருநங்கை. மிகைநடிப்பும் கேலியும் அவரைச் சுற்றியும் இருக்கின்றன, மறுக்க முடியாது. ஆனால் தாயாக வேண்டும் என்ற ஏக்கம், சட்டென்று வரும் ஹைக்கூ, கோபம், கூச்சம் எல்லாம் அவருக்குக் கிடைத்திருக்கின்றன, கதையை நகர்த்துகிறவரும் அவரே. ஸ்பானிஷ் பேசும் குடியேறிப் பெண் ஒருத்தி அந்தக் குழந்தைக்குப் பாலூட்டுகிறாள், மூவரில் இன்னொருத்தியான மியூகியோடு ஒருவர் மொழி ஒருவருக்குத் தெரியாமலே பேசிக்கொள்கிறாள். டோக்கியோவில் வாழும் அயல்நாட்டு ஏழைகளை அனிமேஷனில் பார்ப்பதே அரிது. 2020இன் ஆங்கில மொழிமாற்றத்தில் ஹனாவுக்குக் குரல் கொடுத்தவர் திருநர் நடிகை ஷகினா நேஃபாக். உங்கள் மன்றத்துக்கு இது பெரியவர்கள் படம், ஆசிரியர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெய்தல்நிலா:

திரைக்குப் பின்னாலும் பார்க்க வேண்டும். ‘போன்யோ’வை எடுத்த ஜிப்லி நிறுவனம் என்றால் பெண் நாயகிகள் என்று பெயர். ஆனால் அந்த நிறுவனத்தின் முழுநீளப் படம் ஒன்றைக்கூடப் பெண் இயக்கியதில்லை. நிறங்களைத் தீர்மானித்த மிச்சியோ யசுதா போன்றவர்கள் பல்லாண்டு உழைத்தும் பெயர்ப்பட்டியலில் வேகமாக ஓடிவிடுவார்கள். ‘எ சைலன்ட் வாய்ஸ்’ படத்துக்கு இயக்குநரும் பெண், திரைக்கதையாசிரியர் ரெய்கோ யோஷிதாவும் பெண், மூலக் கதையின் யோஷிதோகி ஓஇமாவும் பெண். ஷோகோவின் தாய், பாட்டி, தங்கை என்று அந்த வீட்டின் பெண்கள் ஆளுக்கொரு விதமாய்க் கடினப்பட்டிருப்பதை இதோடு சேர்த்து யோசிக்கலாம்.

ஜிப்லியிலிருந்து ஒன்று வேண்டும் என்றால் ‘வென் மார்னி வாஸ் தேர்’ (2014). ஆன்னா வளர்ப்புப் பிள்ளை. தன்னை வளர்ப்பதற்கு அரசு பணம் தருகிறது என்று ஒரு தாளில் பார்த்துவிட்டாள், அம்மாவின் அன்பே அவளுக்குச் சந்தேகமாகிவிடுகிறது. அன்பும் உதவித்தொகையும் சேர்ந்தே இருக்கலாம் என்று ஒரு குழந்தைக்கு விளக்கும் படம் அபூர்வம். அவள் கண் நீலம் கலந்தது. திருவிழாவில் நொபுகோ அதை எல்லோர் முன்னாலும் சொல்ல, ஆன்னா ‘குண்டுப் பன்றி’ என்று திட்டிவிடுகிறாள். காயப்பட்டவளே இன்னொருத்தியின் உடலை வைத்துக் காயப்படுத்துகிற இடம் அது. படம் நொபுகோவை மறுபடி அதிகம் கண்டுகொள்ளவில்லை, எனக்கு அது குறைதான்.

வன்னிப்பூ:

கொரியர்கள் பற்றி ஒரு வார்த்தை. யப்பானில தலைமுறை தலைமுறையாய் இருக்கிற கொரியச் சமூகம் குடும்பப் படங்களில கிட்டத்தட்ட இல்லை. ‘இன் திஸ் கார்னர் ஆஃப் தி வேர்ல்ட்’ (2016, சுனாவோ கதாபுச்சி) படத்தில 1945 ஆகஸ்ட் 15, மன்னர்ர வானொலி உரை முடிஞ்ச பிறகு, குரே நகர்க் கூரையளுக்கு மேல ஒரு கொரியக் கொடி ஏறும். கண்ணை மூடித் திறந்தால் போச்சு. மூல சித்திரக்கதையில நாயகி சுசு அந்தக் கொடியைக் கண்டு, வன்முறையாலதான் மற்றவையை அடக்கினம் எண்டு நேராச் சொல்லுவாள். படத்தில, கடலுக்கு அங்கால இருந்து வந்த அரிசியிலும் சோயாவிலும் வளர்ந்த உடம்பு எண்டு மாத்தியிருக்கினம். குற்றத்தை மெதுவாக்கிப்போட்டினம் எண்டு ஒரு பக்கம், சமையலறையில நிக்கிற பெண் உணரக்கூடிய விதத்தில கொண்டுவந்தவை எண்டு மற்றப் பக்கம். எனக்கு முதலாவதுதான் சரியெண்டு படுது.

அதே படத்தில சுசு குண்டில வலக்கையை இழக்கிறாள். படம் வரையிற கை. பிறகு வாற பின்னணியள் இடக்கையால கீறின மாதிரிக் கோணலாகும். கையில்லாதவளை வெளியில நிண்டு பார்க்காமல், அவளின்ர உலகமே கோணினதை வரைஞ்சிருக்கினம்.

கூடல்நகர்:

அதை 13, 14 வயதுக்காரர்களுக்குப் போடலாம் என்று நினைக்கிறேன். இரண்டு பதிப்பு இருக்கிறதாமே, எது?

சட்டகம்24:

2016இன் 129 நிமிடப் பதிப்பை எடுங்கள். 2019இல் வந்த 168 நிமிடப் பதிப்பு சுசுவுக்கும் விலைமாதர் விடுதிப் பெண் ரின்னுக்கும் உள்ள உறவைத் திரும்பச் சேர்த்தது. ஒதுக்கப்பட்ட பெண்களைப் பற்றிய படமாக அதுதான் முழுமையானது, ஆனால் வகுப்பு நேரத்துக்கும் அந்த வயதுக்கும் ஒத்துவராது. கொடி வரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, அது எந்த நாட்டுக் கொடி, அந்த ஊரில் ஏன் இருந்தது என்று கேளுங்கள். நிறுத்தாவிட்டால் அரங்கில் ஒருவரும் கவனிக்க மாட்டார்கள்.